ஏஜென்டுக்கு எழுதும் குறிப்பு

சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஆறாவது பாடவேளைக் கணக்கு பல ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. அதனால் இந்த நேரம் எனக்குப் பழக்கம்தான். கண் செருகினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த அமர்வின் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னிடம், "இது கணினி ஆசிரியர்களுக்கானது இல்லையா, நீங்கள் ஏன் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எங்கள் பள்ளியின் கணினி அறிவியல் முதுகலை ஆசிரியர்தான் நிரல் எழுதினார். நான் எழுதியது குறிப்பு மட்டும். நடந்த தவறு அந்தக் குறிப்பில்தான் இருந்தது. அதனால்தான் இன்று பேசுவது நான்.

முதலில் ஏஜென்ட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் கேட்டால் பதில் சொல்லும் சாட்பாட்டை இங்கே பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அது பேசும், அவ்வளவுதான். உங்கள் வருகைப் பதிவைத் திறந்து பார்க்க அதனால் முடியாது. அதே மொழி மாதிரியிடம் சில வேலைகளைச் செய்யும் வழியைக் கொடுத்து, எப்போது எதைச் செய்வது என்பதை அதுவே முடிவு செய்யும்படி விட்டால் அது ஏஜென்ட். அப்படிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வேலைக்கும் 'டூல்', அதாவது கருவி என்று பெயர். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூன் மாதத்தில் இந்த வசதியை நிரலாளர்களுக்குத் திறந்தது. இப்படிக் கருவிகளை இணைப்பதற்கு ஒரு பொது முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது அதன் பெயர். இப்போது பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன.

கருவியை மாதிரி எப்படிப் பயன்படுத்துகிறது என்பதுதான் இங்கே முக்கியம். கருவிக்குள் இருக்கும் நிரல் அதன் கண்ணில் படுவதே இல்லை. அதற்குக் கிடைப்பவை மூன்று: கருவியின் பெயர், சில வாக்கியங்களில் ஒரு விளக்கம், கருவிக்கு என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல். நாம் ஒரு கேள்வி கேட்டதும் அந்த மூன்றையும் படித்துப் பார்த்து, "இந்தக் கருவியை இந்த உள்ளீட்டுடன் இயக்குங்கள்" என்று அது எழுதித் தரும். நிரல் அதை இயக்கி விடையைத் திருப்பிக் கொடுக்கும். அந்த விடையை வைத்து மாதிரி அடுத்த அடி எடுத்து வைக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் முதல் பாடம் செயற்கூறு. அதில் இடைமுகம் வேறு, செயல்படுத்துதல் வேறு என்று வரும் இல்லையா, அதுவேதான் இது. மாதிரிக்குத் தெரிவது இடைமுகம் மட்டும். அந்த இடைமுகமும் நாம் எழுதிய வாக்கியங்கள்தான்.

நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுகிறேன். நாளை நீங்கள் விடுப்பு. உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வருவார். அவர் உங்கள் பள்ளிக்கே புதியவர், உங்களைத் தொலைபேசியில் பிடிக்கவும் முடியாது. மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போகிறீர்கள். "பயிற்சி 3.2 போடச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால், எல்லாக் கணக்குகளுமா, வீட்டுப்பாடமா, குறிப்பேட்டிலா என்பதெல்லாம் அவருடைய ஊகத்துக்குப் போய்விடும். கெட்டிக்காரராக இருந்தால் நன்றாக ஊகிப்பார். ஆனால் அப்போதும் அது ஊகம்தான்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் வகுப்பு எட்டு பி. அதிகாரப்பூர்வ வருகைப் பதிவு எமிஸில் தனியாகப் போகிறது. அதை நாங்கள் தொடவில்லை. நான் என் வசதிக்காக ஒரு விரிதாள் வைத்திருந்தேன். வந்தவருக்கு 1, வராதவருக்கு 0, போட்டிக்கோ தேர்வுக்கோ ஆசிரியருடன் வெளியே போனவருக்கு ஓடி என்று எழுதுவேன். பெற்றோருக்குச் செய்தி அனுப்புவதில் தினமும் அரை மணி நேரம் போகிறதே என்று ஒருநாள் நான் புலம்பியதைக் கேட்டுத்தான் கணினி ஆசிரியர் இதை ஆரம்பித்தார். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கினோம். பெற்றோர் கூட்டத்திலும் சொன்னோம். மாணவர் பெயரும் தொலைபேசி எண்ணும் மாதிரியிடம் போகக் கூடாது, பதிவேட்டு வரிசை எண் மட்டுமே போக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நிரல் தயாரானதும் என்னிடம், "குறிப்புகளை நீங்கள் எழுதுங்கள். பதிவேடு உங்களுடையது, அதில் எதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான்தான் அதை இலேசாக எடுத்துக்கொண்டேன்.

நான்கு கருவிகளுக்கு நான்கு வரி எழுதினேன். வருகைக் கருவிக்கு நான் எழுதியது இது: "வராத மாணவர்களின் பட்டியலைத் தரும்." ஆறு நாள் சோதித்துப் பார்த்தோம். குறை எதுவும் தெரியவில்லை. அந்த ஆறு நாளில் ஒரு நாள்கூட யாரும் போட்டிக்குப் போகவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்டில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் வந்தன. எங்கள் கோ-கோ அணியில் என் வகுப்பு மாணவி ஒருத்தி. காலை ஆறரைக்கே உடற்கல்வி ஆசிரியருடன் கிளம்பிவிட்டாள். நான் வழக்கம்போல விரிதாளில் ஓடி என்று எழுதினேன். பத்தேகாலுக்கு, அடுத்த வகுப்புக்கு ஓடுவதற்கு முன்னால், "இன்று வராதவர்களின் பெற்றோருக்குச் செய்தி தயார் செய்" என்று தட்டினேன். ஐந்து செய்திகள் வந்தன. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்தேன். ஐந்தாவது செய்தி அவளுடைய அப்பாவுக்குப் போனது: உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை.

நிரல் என்ன செய்தது என்றால், 1 என்று இல்லாத எல்லா எண்களையும் எடுத்துக் கொடுத்தது. யாருக்கு 0, யாருக்கு ஓடி என்பதைச் சொல்லவில்லை. ஏஜென்ட் என் குறிப்பைப் படித்தது. "வராத மாணவர்" என்று எழுதியிருந்தது. அதை நம்பியது. அது வேறு எதை நம்பியிருக்க முடியும்?

அந்த அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். மகள் விளையாடப் போவதற்கு அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். செய்தியைப் பார்த்ததும் எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் வகுப்பில் இருந்தேன், போன் பையில் இருந்தது. சாயங்காலம் மகள் வந்து போட்டிக்குத்தான் போனேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. பள்ளியில் இருந்தே செய்தி வந்திருக்கிறதே! அடுத்த இரண்டு நாள் அவளை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் உடற்கல்வி ஆசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, "மெஷின் தப்பா அனுப்பிடுச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு" என்றேன். அவள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதும் விளையாடுகிறாள். ஆனால் போட்டிக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் முதல்நாள் என்னிடம் வந்து, "மிஸ், நாளைக்கு ஓடி போட்டுடுவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

அந்த வாரம் நாங்கள் கருவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினோம். வருகைக் கருவியின் விளக்கம் இப்போது இப்படி இருக்கிறது. முழுதாகப் படிக்கிறேன், கொஞ்சம் நீளம்தான்:

"கேட்கப்பட்ட நாளில் முற்பகல் வகுப்பறையில் இல்லாத மாணவர்களின் வருகைப் பதிவேட்டு வரிசை எண்களையும், ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டையும் தரும். 'விடுப்பு' என்றால் முன்பே விண்ணப்பம் தந்தவர். 'பள்ளிப்பணி' என்றால் போட்டி, தேர்வு முதலியவற்றுக்காக ஆசிரியருடன் வெளியே சென்றவர். இவர் வருகை தந்தவராகவே கருதப்படுவார், வராதவர் என்று குறிப்பிடக் கூடாது. 'தகவலில்லை' என்றால் காரணம் தெரியாமல் வராதவர். பிற்பகல் வருகை இந்தக் கருவியில் இல்லை. பிற்பகல் பற்றிக் கேட்டால் இதைப் பயன்படுத்தாமல், தகவல் இல்லை என்று சொல்லவும். விடுமுறை நாளைக் கேட்டால் பட்டியல் வராது, 'அன்று விடுமுறை' என்ற செய்தி வரும். மதிப்பெண், பேருந்து, உதவித்தொகை பற்றிய விவரம் இதில் கிடைக்காது."

இதில் விடுமுறை பற்றிய வரி எப்படி வந்தது தெரியுமா? சோதனையின்போது நான் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதியைக் கொடுத்துவிட்டேன். வெற்றுப் பட்டியல் திரும்பி வந்தது. ஏஜென்ட் மகிழ்ச்சியாக, "அன்று அனைவரும் வந்திருந்தார்கள்" என்றது. பட்டியல் வெறுமையாக இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு என்று நாம் எங்கும் எழுதவில்லையே.

தமிழாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்கிறார். நான் முதலில் செய்தது குன்றக் கூறல். திருத்தும் வேகத்தில் செய்தி அனுப்பும் கருவிக்கு ஒரு பக்கம் எழுதினேன், அது மிகைபடக் கூறல். அதில் நான்கு இடத்தில் ஒரே எச்சரிக்கை இருந்தது. கணினி ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியோடும் எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் சேர்ந்தே மாதிரியிடம் போகின்றன. எழுத்து கூடக் கூடச் செலவும் கூடும். ஒரே பொருளை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழில் எழுதினால் டோக்கன் பொதுவாக அதிகம் பிடிக்கும் என்றார். அதற்காகத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. 'பள்ளிப்பணி' என்ற சொல்லின் பொருளை எனக்குத் தமிழில்தான் துல்லியமாகச் சொல்ல வரும். கருவியின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டியிருந்தது, அது நிறுவனங்களின் விதி.

அந்தப் பத்தில் எங்களை அதிகம் படுத்தியது மயங்க வைத்தல். எங்களிடம் 'மாணவர் விவரம்' என்று ஒரு கருவி, 'மாணவர் தகவல்' என்று இன்னொரு கருவி இருந்தது. ஒன்று மதிப்பெண் தரும், மற்றொன்று ஊர், பேருந்து, உதவித்தொகை நிலை தரும். எது எது என்று எழுதிய எனக்கே சில நாளில் மறந்துவிட்டது. ஏஜென்ட் ஒரு நாள் இதை எடுக்கும், ஒரு நாள் அதை எடுக்கும். பெயர்களை 'தேர்வு மதிப்பெண்', 'பயணமும் உதவித்தொகையும்' என்று மாற்றியதோடு அந்தக் குழப்பம் போயிற்று. மனிதர் ஒருவரே எதை எடுப்பது என்று தடுமாறும் இடத்தில் மாதிரியும் தடுமாறும்.

உள்ளீடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது நம் எல்லாருக்கும் பொருந்தும். ஒரு உள்ளீட்டுக்கு 'எண்' என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு குழந்தைக்கு நம் பள்ளியில் எத்தனை எண்? பதிவேட்டு வரிசை எண், சேர்க்கை எண், எமிஸ் எண். பத்தாம் வகுப்பு என்றால் தேர்வு எண்ணும் சேரும். சேர்க்கை எண்ணைக் கொடுத்துக் கேட்ட ஓர் ஆசிரியருக்கு வரிசை எண் கருவி 'பிழை' என்று மட்டும் பதில் சொன்னது. ஏஜென்ட் அதையே மூன்று முறை திரும்பத் திரும்ப முயன்றது. இப்போது உள்ளீட்டின் பெயரே 'பதிவேட்டு வரிசை எண்'. பிழைச் செய்தியும் மாறியிருக்கிறது: "இது 1 முதல் 41 வரை உள்ள வரிசை எண்ணாக இருக்க வேண்டும், நீங்கள் தந்தது சேர்க்கை எண் போலத் தெரிகிறது." விடைத்தாளில் வெறும் பெருக்கல் குறி போடுவதற்கும், பக்கத்தில் 'அலகு எழுதவில்லை' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை திருத்திக்கொண்டு வருகிறது.

தேதியும் அப்படித்தான். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கர்களுக்கு மே 6. மாதிரி இரண்டு வழக்கத்தையும் படித்து வளர்ந்தது. 'தேதி: ஆண்டு-மாதம்-நாள், எடுத்துக்காட்டு 2025-06-05' என்று எழுதிவிட்டால் சண்டையில்லை. எது கட்டாயம், எது விருப்பம் என்பதையும் எழுத வேண்டும். இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 'ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி, இந்த எண்ணுள்ள வினாவிற்குக் கட்டாயம் விடையளிக்க வேண்டும்' என்று வினாத்தாளில் எழுதிப் பழகியவர்கள் நாம். அந்த ஒரு வரி விடுபட்டுப்போனால் தேர்வறையில் என்ன நடக்கும் என்று அறைக் கண்காணிப்பாளராக இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாட்டைப் பட்டிருக்கின்றன என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் தங்கள் கிளாட் மாதிரிக்கு இணையத் தேடல் கருவி கொடுத்தபோது, அது தேடும் சொற்களோடு தேவையே இல்லாமல் 2025 என்ற ஆண்டையும் ஒட்டிக்கொண்டிருந்ததாம். தேடல் முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கருவியின் விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்ததாக எழுதியிருக்கிறார்கள். நிரல்களைத் திருத்தும் இன்னொரு ஏஜென்டில் வேறு தொல்லை. அது ஒரு கோப்புறையிலிருந்து வேறொன்றுக்கு நகர்ந்த பிறகு, கோப்பின் பாதி முகவரியை மட்டும் கொடுத்துத் தவறான இடத்தில் தேடியது. அங்கே அவர்கள் கருவியையே மாற்றிவிட்டார்கள். முழு முகவரி கொடுத்தால்தான் இயங்கும்.

இந்த இரண்டாவது வழியை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டொயோட்டா தொழிற்சாலைகளோடு சேர்த்துப் பேசப்படும் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் இதற்குப் போகா-யோகே என்று பெயர் சொன்னார். தவறு செய்ய முடியாதபடி அமைப்பது. சிம் கார்டின் ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள், தலைகீழாகப் போட முடியாது. எங்கள் விளக்கத்தில், 'பள்ளிப்பணி' மாணவரை வராதவர் என்று குறிப்பிடக் கூடாது என்ற வரி இருக்கிறது. ஆனால் அந்த வரி ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. மாதிரி பெரும்பாலும் கேட்கும், ஒரு நாள் கேட்காமலும் போகலாம். அதனால் செய்தி அனுப்பும் கருவிக்குள்ளேயே, அந்தக் குறியீடு உள்ள எண்ணுக்கு வராத செய்தி போகவே முடியாதபடி கணினி ஆசிரியர் நிரலில் தடுத்துவிட்டார். ஒவ்வொரு செய்திக்கும் நான் தனித்தனியாக அனுமதி தர வேண்டும் என்றும் ஆக்கினோம். அரை மணி நேர வேலை இப்போது பத்து நிமிடம். ஒரு நிமிடமாக ஆக்க முடியும் என்று அவர் சொல்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். யாரோ எழுதி இணையத்தில் வைத்திருக்கும் கருவியை அப்படியே எடுத்து இணைக்காதீர்கள். விளக்கத்தை மாதிரி படித்து அதன்படி நடக்கிறது என்றால், அந்த விளக்கத்துக்குள் யாராவது கெட்ட கட்டளையை ஒளித்து வைத்தாலும் அது நடக்கக்கூடும். 2025-இல் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளின் விவரம் இருக்கும் இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

சோதிப்பது எப்படி என்று கேட்பீர்கள். முன்பு நானே கேள்வி கேட்டு நானே சரிபார்த்தேன். வினாத்தாளைத் தயாரித்தவரே தேர்வும் எழுதினால் நூறுதான் வரும். இம்முறை மற்ற ஆசிரியர்களிடம் ஆளுக்கு நான்கைந்து கேள்விகள் எழுதி வாங்கினோம். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி வர வேண்டும் என்று முன்பே விடைக்குறிப்பு எழுதி வைத்துக்கொண்டோம். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் எழுதியது: "நேத்து மத்தியானம் எவனெல்லாம் ஓடிப்போனான்?" பிற்பகல் பற்றிய அந்த வரி அவருடைய கேள்வியால் வந்தது. அதைவிட, 'ஓடி' என்ற சொல் இருவிதமாகப் படிக்கப்படும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அன்றே அந்தக் குறியீட்டைப் 'பள்ளிப்பணி' என்று மாற்றினோம்.

இதில் வகுப்பறைக்கு என்ன இருக்கிறது என்பதோடு முடிக்கிறேன். கணினியே இல்லாமல் இதை நான் எட்டாம் வகுப்பில் செய்தேன். கருவி என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது வடிவியல் கருவிப் பெட்டிதான். ஒரு குழுவுக்கு ஒரு கருவி. அதன் பெயரையும் உருவத்தையும் சொல்லாமல், அது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, எடுக்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். இன்னொரு குழு அந்தச் சீட்டுகளை மட்டும் படித்து, நான் கொடுக்கும் கணக்குக்கு எந்தச் சீட்டு என்று எடுக்க வேண்டும். கவராயக் குழு "நீளத்தை எடுத்து வைக்க உதவும்" என்று எழுதியது. டிவைடர் குழுவும் அதையே எழுதியது. அளவுகோல் குழு "அளக்க உதவும்" என்றது, கோணமானிக் குழுவும் "அளக்க உதவும்" என்றது. கோணத்தை அளக்கச் சொன்னபோது அளவுகோல் சீட்டு வந்தது. ஒரே கூச்சல். பிறகு அவர்களே உட்கார்ந்து திருத்தினார்கள். வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவன் கோணமானிக்கு எழுதியது: "இரண்டு கோடு ஒரு புள்ளியில் சேர்ந்திருந்தால் மட்டும் என்னை எடு. சேராத கோட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. என் நடுப்புள்ளியை அந்தப் புள்ளியில் வை. எந்தப் பக்கத்துச் சுழியிலிருந்து எண்ணுகிறாய் என்று பார்த்துக்கொள்." கடைசி வரியைப் பாருங்கள். பல ஆண்டுகளாக நான் திருத்தும் தவறு அது.

உங்கள் ஒவ்வொரு மேசைக்கும் இப்போது ஒரு கருவிப் பெட்டி வரும். கூடவே ஐந்து வெற்றுச் சீட்டுகள். பதினைந்து நிமிடம். எழுதி முடித்ததும் சீட்டுகளைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுங்கள், பெட்டியைக் கொடுக்காதீர்கள்.